ஆர்க்லோ: ஒரு முகத்துவாரமும் அதன் தொழில்களும், 1895 முதல் 2025 வரை

ஆய்வின் பொருள்

அயர்லாந்தின் கிழக்குக் கரையில், டப்ளினுக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, அவோகா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது ஆர்க்லோ. விக்லோ மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். 2022 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 13,399. இவ்வளவு சின்ன ஊருக்கு வெடிமருந்து ஆலை வந்தது, பீங்கான் ஆலை வந்தது, உர ஆலை வந்தது. மூன்றும் நூற்றுக்கணக்கில், சில காலம் ஆயிரக்கணக்கில் வேலை தந்தன. மூன்றுமே இப்போது இல்லை. உள்ளூர்க் கப்பல்காரர்கள் தொடங்கிய ஒரு நிறுவனம் மட்டும் வளர்ந்து நிற்கிறது.

மூலப்பொருள், சந்தை, போர், வரி என்று காரணங்களை அடுக்கலாம். இந்த ஆய்வு வேறொன்றைப் பின்தொடர்கிறது: ஒவ்வொரு தொழிலும் வந்தபோதும் போனபோதும் அந்த முடிவு எந்த ஊரில் எடுக்கப்பட்டது என்பதை. தொழிலாளர்கள், கேப்டன்கள், குடியிருப்பவர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. பொது வரலாற்றில் ஏற்கெனவே இடம்பெற்ற சில பெயர்கள் மட்டும் வருகின்றன.

பின்னணி: மணலும் சுரங்கமும்

ஆர்க்லோவின் இயற்கை அமைப்பில் வசதியும் தொல்லையும் சேர்ந்தே இருக்கின்றன. ஆற்று முகத்துவாரம் இருப்பதால் துறைமுகம் உண்டு. ஆனால் மணல் ஓயாமல் வந்து அடைப்பதால் ஆழம் போதாது, பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. கரையிலிருந்து பத்து கிலோமீட்டர் வெளியே நீண்ட மணல் திட்டு ஒன்று கிடக்கிறது. பாய்மரக் காலத்தில் அதில் தட்டி உடைந்த கப்பல்கள் ஏராளம். 1826-லேயே இங்கே உயிர்காப்புப் படகு நிலையம் அமைந்ததற்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை.

ஆற்றில் மேலே போனால் அவோகா சுரங்கங்கள். 1720 வாக்கில் தொடங்கியவை, முதலில் செம்புக்காக. 1838-இல் சிசிலியின் கந்தக வியாபாரத்தை அதை ஆண்ட நேப்பிள்ஸ் அரசு ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் ஏகபோகமாக்கியது. பிரிட்டிஷ் ரசாயன ஆலைகளுக்குக் கந்தகம் எட்டாத விலைக்குப் போனதும், அதுவரை அதிகம் சீண்டாத அவோகா பைரைட்டுக்கு, அதாவது கந்தகமும் இரும்பும் சேர்ந்த தாதுவுக்கு, கிராக்கி வந்தது. நேப்பிள்ஸில் எடுத்த ஒரு முடிவு விக்லோ மலைக்குள் சுரங்கம் தோண்ட வைத்தது. பின்னால் வரப்போகும் பல திருப்பங்களுக்கு இதை முன்மாதிரி என்றே சொல்லலாம்.

ஊர்க்காரர்கள் தங்கள் பங்குக்குக் கடலை நம்பினார்கள். ஹெர்ரிங், கானாங்கெளுத்தி, சிப்பி என்று பருவத்துக்கு ஒன்று. அருகிலிருந்த சிப்பிப் படுகைகளை அளவுக்கு மீறி வாரியதில் அவை வற்றின. மீன் எங்கே போகிறதோ அங்கே படகும் போனது: தெற்கே கின்சேல் வரை, வடக்கே ஸ்காட்லாந்து வரை. இந்த அலைச்சலில் கிடைத்த கடலறிவுதான் பிற்பாடு ஊருக்குக் கைகொடுத்தது.

1895–1918: வெடிமருந்து

பர்மிங்ஹாமைச் சேர்ந்த கைனாக் நிறுவனம் 1895-இல் ஊரின் வடக்குக் கடற்கரையில் வெடிமருந்து ஆலை தொடங்கியது. நிறுவனத்தின் தலைவர் ஆர்தர் சேம்பர்லின். பிரிட்டனின் காலனித் துறை அமைச்சர் ஜோசப் சேம்பர்லினின் தம்பி. இடத் தேர்வு புத்திசாலித்தனமானது. வெடிமருந்துக் கொட்டகைகளைத் தள்ளித் தள்ளிக் கட்ட வேண்டும், இடையே மண்மேடு வேண்டும். ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்காதிருக்க அதுதான் வழி. கடலோர மணல்மேடுகள் அந்த வேலையை இயற்கையாகவே செய்தன. துறைமுகம் பக்கத்தில், கூலியும் குறைவு.

ஆலையின் முக்கிய வாடிக்கையாளர் பிரிட்டிஷ் போர்த் துறை. 1899-இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனின் போயர் போர் தொடங்கியதும் ஆர்டர் குவிந்தது. அண்ணன் அமைச்சர், தம்பி ஒப்பந்தக்காரர் என்ற விவகாரத்தை 1900-இல் லாய்டு ஜார்ஜ் நாடாளுமன்றத்தில் கிளப்பினார். போர் முடிந்ததும் ஆர்டர் சுருங்கியது, ஆட்குறைப்பு வந்தது. எச்சரிக்கை அப்போதே கிடைத்துவிட்டது. ஆனால் ஊர் கையில் மாற்று எதுவும் இருக்கவில்லை.

1914-இல் மறுபடி போர். துப்பாக்கி, பீரங்கிக் குண்டுகளை உந்தும் கார்டைட் என்ற வெடிமருந்தின் உற்பத்தி ராப்பகலாக ஓடியது. ஊரின் மொத்த மக்கள்தொகை சில ஆயிரம். ஆலையிலும் சில ஆயிரம் பேர், பெண்கள் உட்பட. சுற்று வட்டாரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். 1917 செப்டம்பர் 21 அதிகாலையில் இரவு ஷிஃப்ட் நடந்துகொண்டிருந்தபோது பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. 27 தொழிலாளர்கள் இறந்தார்கள். காரணம் உறுதியாக நிலைநாட்டப்படவில்லை. கடலிலிருந்து ஜெர்மன் நீர்மூழ்கி சுட்டது என்ற பேச்சு ஊரில் நெடுநாள் நின்றது. மேற்பார்வைக் குறை என்று சொல்வதைவிட எதிரி சுட்டான் என்று சொல்வது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்; அதற்கு மேல் அந்தப் பேச்சை வைத்து எதுவும் முடிவுகட்ட முடியாது.

ஆலையை மூடியது அந்த விபத்து இல்லை. 1918-இல் போர் முடிந்தது. அதே ஆண்டு பிரிட்டனின் வெடிமருந்து நிறுவனங்கள் ஒரே குடையின் கீழ் இணைந்தன, கைனாக் அதில் சேர்ந்தது. இணைப்பு என்றால் உபரி ஆலைகளை மூடுவது என்றுதான் பொருள். ஐரிஷ் கடலுக்கு அப்பால், அரசியல் கொந்தளிப்புள்ள ஒரு மண்ணில், ஆர்டரும் இல்லாமல் நின்ற ஆலை பட்டியலில் முதலில் வந்ததில் வியப்பில்லை. தொழிலாளர்கள் வேலை தேடி இங்கிலாந்துக்கும் அதற்கு அப்பாலும் போனார்கள். மணல்மேட்டில் மிஞ்சியவை உடைந்த சுவர்கள்.

இணைந்த அந்த வெடிமருந்துக் கூட்டு பின்பு நோபல் இண்டஸ்ட்ரீஸ் ஆகி, 1926-இல் ஐ.சி.ஐ. என்ற பெரும் ரசாயன நிறுவனத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெயர் இந்தக் கதையில் இன்னொரு முறை வரும்.

இடைக்காலம்: படகுப் பட்டறையும் ஸ்கூனரும்

ஆலை போன பிறகு ஊரைத் தாங்கியது ஆலைக்கு முன்பே இருந்ததுதான். 1864-இல் தொடங்கிய டிரல் குடும்பத்தின் படகுப் பட்டறை மீன்பிடிப் படகுகளைக் கட்டிக்கொண்டிருந்தது. 1908 வாக்கில் அங்கே கட்டிய ‘அவோகா’ என்ற படகு, மோட்டாருக்கென்றே வடிவமைத்துக் கட்டிய அயர்லாந்தின் முதல் மீன்பிடிப் படகுகளில் ஒன்று. பிற்காலத்தில் இதே பட்டறை 1959-இல் பிரிட்டிஷ் கடலோடி பிரான்சிஸ் சிசெஸ்டருக்காக ‘ஜிப்சி மாத் 3’ படகைக் கட்டியது. 1960-இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் முதல் போட்டியில் வென்றது அதுதான். 1981-இல் நாட்டின் பயிற்சிப் பாய்மரக் கப்பலான ‘ஆஸ்கார்ட் 2’-வும் இங்கேயே உருவானது. அந்தக் கப்பல் 2008-இல் பிரான்ஸ் கரையருகே மூழ்கியது, பட்டறையும் இன்று இல்லை.

சரக்கேற்றும் ஸ்கூனர்கள் என்ற பாய்மரக் கப்பல்களும் இருந்தன. மற்ற ஊர்கள் பாய்மரத்தைக் கைவிட்ட பிறகும் ஆர்க்லோக்காரர்கள் பழைய ஸ்கூனர்களை மலிவாக வாங்கி ஓட்டினார்கள். அந்தச் சிக்கனத்தின் பயன் இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. நடுநிலை வகித்த அயர்லாந்துக்குச் சொந்தக் கப்பல் மிகக் குறைவு. லிஸ்பன் வரை போய்ச் சரக்கு கொண்டுவந்தவற்றில் இந்தக் கிழட்டுக் கப்பல்களும் உண்டு. விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1944 பிப்ரவரியில் லிஸ்பனை நோக்கிப் புறப்பட்ட ‘சிம்ரிக்’ பதினொரு பேரோடு காணாமல் போனது.

1934: வரிச் சுவருக்குள் ஒரு பீங்கான் ஆலை

1932-இல் ஆட்சிக்கு வந்த அரசு இறக்குமதிக்குக் கடும் வரி போட்டு உள்நாட்டு ஆலைகளை வளர்க்க முனைந்தது. தொழில்துறை அமைச்சர் ஷான் லெமாஸ். நாடு முழுக்க அப்போது முளைத்த ஆலைகளில் ஒன்று 1934-இல் நிறுவப்பட்ட ஆர்க்லோ பீங்கான் ஆலை. அயர்லாந்துச் சமையலறைகளில் இந்த ஊரின் தட்டும் கோப்பையும் பல தலைமுறை புழங்கின.

இந்தத் தொழிலின் ஆயுளை நிர்ணயித்தது வரி. 1965 டிசம்பரில் பிரிட்டனோடு சுதந்திர வர்த்தக ஒப்பந்தம், 1973-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்க்கை. சுவர் இறங்கியதும் வெளிநாட்டுப் பாண்டங்கள் உள்ளே வந்தன. 1977-இல் ஜப்பானின் நோரிடாக்கே நிறுவனம் ஆலையை எடுத்துக்கொண்டது. 1990-களின் கடைசியில் மூடியது. கைனாக்கோடு ஒப்பிட்டால் இது மெதுவான முடிவு. வேலையாட்கள் விலகவும் வேறு வழி பார்க்கவும் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது.

1961–2002: உரம்

மூன்றாவது ஆலை அரசே போட்டது. உர இறக்குமதியைக் குறைக்க 1961-இல் நீட்ரிகின் ஏரன் டியோரன்டா என்ற அரசு நிறுவனம் உருவானது, சுருக்கமாக என்.ஈ.டி. ஆர்க்லோவுக்குச் சற்று மேலே, ஆற்றோரம் ஷெல்டன் ஆபி எஸ்டேட்டில் ஆலை எழுந்து 1965-இல் உற்பத்தி தொடங்கியது. இடத்துக்குச் சொன்ன காரணம் தெளிவானது: பைரைட் சுரங்கம் பக்கத்தில், அதிலிருந்து கந்தக அமிலம், அமிலத்திலிருந்து உரம்.

கணக்கு ஆரம்பத்திலேயே தடுமாறியது. அவோகா சுரங்கத்தை 1958-இல் பெரிய அளவில் திறந்திருந்த நிறுவனம் 1962-இல் கையை விரித்தது. அதாவது ஆலை ஓடத் தொடங்குவதற்கு மூன்று ஆண்டு முன்பே, அது நம்பியிருந்த சுரங்கம் நொடித்துவிட்டது. 1960-களின் கடைசியில் வேறொரு நிறுவனம் சுரங்கத்தை எடுத்து 1982 வரை நடத்தியது. அதன் பிறகு அங்கே சுரங்கத் தொழில் இல்லை.

1970-களில் கின்சேல் அருகே கடலுக்கடியில் எரிவாயு கிடைத்தது. வாயுவிலிருந்து அம்மோனியா செய்ய என்.ஈ.டி. கார்க் துறைமுகப் பகுதியில், மரீனோ பாயின்ட்டில், பெரிய ஆலை கட்டியது. கட்டிய செலவு நிறுவனத்தைக் கடனில் தள்ளியது. அதைவிட ஆர்க்லோவைப் பாதித்தது இன்னொன்று: மூலப்பொருள் இப்போது நாட்டின் தென்கோடியில். அம்மோனியாவைத் தொட்டி வண்டிகளில் ஏற்றி ரயிலில் ஷெல்டன் ஆபிக்குக் கொண்டுவந்தார்கள், ஆலை மூடும்வரை. சுரங்கத்துக்குப் பக்கம் என்று தேர்ந்த இடத்துக்கு, மூலப்பொருள் நாட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தது. வேலைவாய்ப்பை எண்ணி இதைத் தொடர்ந்தது நியாயம்தான். ஆனால் இடத்துக்குச் சொன்ன காரணம் காணாமல் போய்விட்டது என்பதை அன்றே ஒப்புக்கொண்டு, அடுத்த இருபது ஆண்டுக்கு ஊர் என்ன செய்யும் என்று யோசித்திருக்கலாம்.

1987-இல் என்.ஈ.டி.யும் ஐ.சி.ஐ.யும் 51-க்கு 49 என்ற பங்கில் சேர்ந்து ஐரிஷ் ஃபெர்ட்டிலைசர் இண்டஸ்ட்ரீஸ் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. 1918-இல் கைனாக்கை விழுங்கிய கூட்டின் வாரிசு இப்படித்தான் ஆர்க்லோவுக்குத் திரும்பி வந்தது. வாயு விலை ஏறியது, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மலிவு உரம் வந்தது, நஷ்டம் கூடியது. 2002 இலையுதிர் காலத்தில் பங்குதாரர்கள் இனிப் பணம் போடுவதில்லை என்று முடிவெடுத்ததும் நிறுவனம் கலைப்புக்குப் போனது. ஆர்க்லோ, கார்க், பெல்ஃபாஸ்ட் மூன்று இடத்திலும் சேர்த்துச் சுமார் 600 பேருக்கு வேலை போனது. கலைப்பு என்பதால் வழக்கமான ஈட்டுத்தொகைப் பேச்சுவார்த்தைக்கே இடமில்லாமல், தொழிலாளர்கள் அதற்காகத் தனியாகப் போராட வேண்டியிருந்தது. அரசு பெரும்பான்மைப் பங்குதாரராக இருந்த இடத்தில் இப்படி நடந்தது என்பதுதான் உறுத்துகிறது.

1966: துறையில் எடுத்த முடிவு

உர ஆலை புதிதாக ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஊரின் மூன்று கேப்டன்கள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கரையோரச் சரக்குக் கப்பல்கள் சில இருந்தன. தனித்தனியாகச் சரக்கு தேடி, தனித்தனியாகப் பழுது பார்த்து, ஒருவரோடொருவர் போட்டி போட்டுக் கூலியைக் குறைத்துக்கொள்வதற்குப் பதில், நிர்வாகத்தை ஒன்றாக்கினார்கள். 1966-இல் ஆர்க்லோ ஷிப்பிங் பிறந்தது.

இந்த முடிவுக்குப் பெரிய முதலீடோ மானியமோ அடிப்படை இல்லை. கையிலிருந்த கப்பல், கையிலிருந்த ஆள், பல தலைமுறைக் கடலறிவு, அவ்வளவுதான். இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள். பெரும்பாலும் நெதர்லாந்துத் தளங்களில் கட்டியவை. ஐரிஷ் கொடியிலும் டச்சுக் கொடியிலும் ஓடுகின்றன, ராட்டர்டாமில் ஒரு கிளை இருக்கிறது. தானியம், மரம், உரம், இரும்பு என்று ஐரோப்பிய மொத்தச் சரக்கு. வேடிக்கை என்னவென்றால், பின்புறத்தில் ‘ஆர்க்லோ’ என்று ஊர்ப்பெயர் எழுதிய கப்பல்களில் பெரும்பாலானவை அந்தத் துறைமுகத்துக்குள் நுழையவே முடியாது. ஆழம் போதாது.

அதுவே இதன் பலமும். சரக்கு எங்கே இருந்தாலும் கப்பல் அங்கே போகும். தலைமை அலுவலகம் ஆற்றங்கரையில் இருக்கும். உர ஆலை மூடினால் இவர்களுக்கு ஒரு வாடிக்கையாளர் குறைவார், தொழில் நிற்காது. ஆனால் இதை மிகைப்படுத்தவும் கூடாது. வெடிமருந்து ஆலையோ உர ஆலையோ கொடுத்த எண்ணிக்கையில் ஊருக்குள் இது வேலை தரவில்லை. கடலுக்குப் போக மனமில்லாத பிள்ளைக்கு இதில் இடம் குறைவு.

எடுக்கப்படாத முடிவு: சாக்கடை

இதெல்லாம் நடக்க, ஊரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் நேராக அவோகா ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. இருபத்தொன்றாம் நூற்றாண்டிலும்.

சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்கே என்பதில்தான் சண்டை. 1990-களில் உள்ளூர் நிர்வாகம் ஊருக்கு வடக்கே ஓர் இடத்தைத் தேர்ந்தது. அங்கிருந்த குடியிருப்பவர்கள் எதிர்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2011-இல்தான் முடிந்தது. நிர்வாகம் ஜெயித்தது, ஆனால் அதற்குள் நாடு பொருளாதார நெருக்கடியில் இருந்தது, பணம் இல்லை. எதிர்த்தவர்களைத் திட்டுவது எளிது. தங்கள் வீட்டருகே வரும் ஒன்றைப் பற்றி முடிவான பின்பே கேள்விப்பட்டவர்கள் நீதிமன்றம் போகாமல் வேறெங்கே போவார்கள்?

2014-இல் நாடு முழுவதற்குமான தண்ணீர் நிறுவனம் பொறுப்பேற்றதும் இடத் தேர்வை முதலிலிருந்து தொடங்கியது. இந்த முறை கட்டம் கட்டமாகப் பட்டியலைச் சுருக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். கடைசியில் தேர்வானது வடக்குத் துறையருகே ஃபெரிபேங்கில் பலகை ஆலை ஒன்று நின்று கைவிட்டுப்போன இடம். 2018-இல் விண்ணப்பம், 2019-இல் அனுமதி, 2021-இல் வேலை தொடக்கம். இதற்கிடையே 2019 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம், நகரக் கழிவுநீர் விதிகளை மீறியதாக அயர்லாந்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதிலிருந்த ஊர்ப் பட்டியலில் ஆர்க்லோவும் உண்டு.

சுமார் 13.9 கோடி யூரோ செலவில், 36,000 பேருக்கு ஈடான கொள்ளளவோடு நிலையம் 2025-இல் முறைப்படி திறக்கப்பட்டது. ஆற்றின் இரு கரையிலும் குழாய் பதித்து, தனித்தனி வாய்க்கால்களை மறித்து, சுத்திகரித்த நீரைக் கடலுக்குள் தள்ளிக் கொண்டுபோய் விடுகிறார்கள். கட்டடத்தை ஒளித்து வைக்காமல், கடல் பச்சை நிறத்தில் துறைமுகத்தின் முகப்பாகவே நிற்க வைத்திருக்கிறார்கள். நல்ல முடிவு என்றே தோன்றுகிறது.

தாமதத்தின் விலை நாற்றத்தோடு முடியவில்லை. கழிவுநீருக்கு வழியில்லாத ஊரில் புதிய வீடுகளுக்கும் தொழில்களுக்கும் அனுமதி கொடுப்பதே சிக்கலாகிவிட்டது. உர ஆலை மூடி ஊர் மாற்றுத் தொழில் தேட வேண்டியிருந்த இருபது ஆண்டும் இந்தத் தடைக் காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

இன்றைய நிலை

1999-இல் புறவழிச் சாலை, பிறகு டப்ளினுக்கு மோட்டார்வே. ஊரில் தூங்கி டப்ளினில் வேலை பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஷெல்டன் ஆபியில் உர ஆலை நின்ற நிலத்தில் தரவு மையத்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அங்கே மின்சாரம் நிறையத் தேவை, ஆள் குறைவாகத் தேவை.

கப்பல்களை உடைத்த மணல் திட்டில் 2004-இல் ஏழு காற்றாலைகள் நடப்பட்டன, மொத்தம் 25.2 மெகாவாட். அயர்லாந்தின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை. இருபது ஆண்டாக அது ஒன்றுதான். அதே திட்டில் பல மடங்கு பெரிய இரண்டாம் கட்டம் திட்டத்தில் இருக்கிறது, அதன் பராமரிப்புத் தளம் ஆர்க்லோவின் தெற்குத் துறையில் அமையும் என்று சொல்லப்படுகிறது. 2023-இல் அரசு நடத்திய முதல் கடல் காற்றாலை ஏலத்தில் அந்தத் திட்டத்துக்கு ஒப்பந்தம் கிடைக்கவில்லை.

அவோகா சுரங்கம் மூடி நாற்பது ஆண்டு தாண்டியும், உள்ளிருந்து அமில நீர் செம்பும் துத்தநாகமும் இரும்பும் கலந்து ஆற்றுக்கு வந்துகொண்டிருக்கிறது. கழிவுநீர் நிலையம் இதைத் தொடுவதில்லை.

வேறு விதமாகச் செய்திருக்க வேண்டியவை

வெளியிலிருந்து ஆலை வருவதைத் தடுத்திருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். 1895-இல் மீன் குறைந்துகொண்டிருந்த ஊருக்குக் கூலி தேவைப்பட்டது, 1961-லும் அப்படியே. மாற வேண்டியது வரும்போது போட்ட நிபந்தனைகள். மூடும் செலவுக்கும் நிலத்தைச் சுத்தம் செய்வதற்கும் ஆட்களின் ஈட்டுத்தொகைக்கும் உற்பத்தி நடக்கும்போதே தனி நிதி ஒதுக்கியிருக்க வேண்டும். சுரங்கத்தில் அப்படி ஒரு நிதி இருந்திருந்தால், கடைசி நிறுவனம் போன பிறகு அமில நீருக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி பொதுப் பணத்தின் தலையில் விழுந்திருக்காது.

இரண்டாவது, இடத்துக்கான காரணத்தை அவ்வப்போது மறுபடி பார்க்க வேண்டும். போயர் போர் முடிந்தபோது ஒரு முறை, அம்மோனியா ரயிலில் வரத் தொடங்கியபோது ஒரு முறை, ஆர்க்லோவுக்கு முன்னெச்சரிக்கை கிடைத்தது. இரண்டு முறையும் ஆலை ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் பேசவில்லை.

கழிவுநீர் விஷயத்தில் மாற்றம் எளிது: இடத்தை முடிவு செய்த பிறகு மக்களிடம் போவதை விட்டு, பட்டியல் நீளமாக இருக்கும்போதே போக வேண்டும். 2014-க்குப் பின் செய்ததை 1990-களில் செய்திருந்தால் உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் தேவையே வந்திருக்காது என்பது என் கணிப்பு.

காற்றாலையின் பராமரிப்புத் தளம் வருமானால், ஊர் இப்போதே கேட்க வேண்டியவை சில. படகோட்டவும் இயந்திரம் பார்க்கவும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி உண்டா? அந்தச் சான்றிதழ் வேறு நாட்டுக் காற்றாலைகளிலும் செல்லுமா? ஒப்பந்தத்தில் காற்றாலைகளைக் கழற்றி எடுக்கும் செலவு யார் பெயரில் இருக்கிறது? 2004-இல் நட்ட ஏழும் ஆயுளின் கடைசிக் கட்டத்தில் இருக்கின்றன என்பதால், மூன்றாவது கேள்விக்கான பதிலை அவற்றிலேயே பார்த்துக்கொள்ளலாம்.